இன்னொரு தரம்

1912-இல் இந்தியாவுக்கு வந்த மொரீஸ் தெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் கோயம்புத்தூர் தாயி என்ற பாடகியின் பாட்டில் சொக்கிப்போனார். பின்னர் அவர் பியானோவுக்கென எழுதிய 'ராகமாலிகா', தாயியின் கிராமபோன் தட்டு ஒன்றைக் கேட்டு ஏறக்குறைய அப்படியே எடுத்தெழுதியது. பியானோவின் ஒரு தந்திக்கு அடியில் அட்டையைச் செருகி ஒலியை மழுக்கச் சொல்லும் குறிப்பும் அதில் உண்டு. தென்னிந்தியப் பாட்டு ஒன்றைப் பாடியவர் பக்கத்தில் இல்லாமலேயே படித்துக்கொள்ள முயன்ற முந்தியவர்களில் அவரும் ஒருவர். யூடியூபில் ஒரு கிருதியை ஓடவிட்டு, வேகத்தை முக்கால்வாசியாகக் குறைத்து, அனுபல்லவியின் ஒரு சங்கதியைத் திரும்பத் திரும்பச் சுழலவிடும் இன்றைய மாணவி செய்வதும் இதே வேலைதான். இடைப்பட்ட நூறு ஆண்டுகளில் கருவிகள் மாணவருக்குக் கொடுத்தவற்றில் முதன்மையானது பாட்டு என்று நான் நினைக்கவில்லை. பாட்டு எப்படியோ கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. "இன்னொரு தரம்" என்று சொல்லும் உரிமைதான் கைமாறியது.

அந்த உரிமை முன்பு யாரிடம் இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். குருவின் பின்னால் தம்புராவை மீட்டிக்கொண்டு உட்கார்ந்த சீடன் கச்சேரி நடுவில் எதையும் திரும்பக் கேட்க முடியாது. காதில் விழுந்தது விழுந்ததுதான். கேள்வி ஞானம் என்று நாம் பெருமையாகச் சொல்வதில் பாதி, ஒரே தடவையில் பிடித்துக்கொள்ள வேண்டிய கட்டாயத்திலிருந்து வந்தது. வீட்டுப் பாடத்திலும் எதை, எப்போது, எத்தனை தடவை சொல்லிக்கொடுப்பது என்பது ஆசிரியரின் விருப்பம். நல்ல பாடாந்தரம் குடும்பச் சொத்துப் போலக் காக்கப்பட்டது. சுப்பராம தீக்ஷிதர் தம் குடும்பத்தில் வழங்கிய கீர்த்தனைகளை 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யாக 1904-இல் எட்டயபுரத்திலிருந்து வெளியிட்டதற்குப் பின்னால், சின்னசாமி முதலியாரின் நீண்ட வற்புறுத்தலும் சமஸ்தானத்தின் ஆதரவும் இருந்தன. கமகங்களுக்கென்றே தனிக் குறிகள் கொண்ட நூல் அது. ஆனாலும் அந்தக் குறிகளைப் பாட்டாக்க, அந்தப் பாட்டை ஏற்கெனவே கேட்ட காது வேண்டியிருந்தது.

இசைத்தட்டு அந்தக் காதுக்குத் தீனி போட்டது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், கொஞ்சம் கூடப் போனால் மூன்றரை. விரிவான ஆலாபனைக்கு இது போதாது. படிப்பவருக்கோ அந்தச் சுருக்கமே வசதி. முள்ளைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்தால் அதே சங்கதி அச்சு மாறாமல் வரும், எந்தக் குருவும் இரண்டு தடவை ஒன்றுபோலப் பாடுவதில்லை என்பதால் இது முற்றிலும் புதிய அனுபவம். அமெரிக்காவிலும் இதுதான் நடந்தது: 1937 கோடையில் பதின்வயது ஜாஸ் கலைஞர் சார்லி பார்க்கர், மூத்த கலைஞர் லெஸ்டர் யங்கின் தட்டுகளோடு ஓசார்க் மலைப்பகுதிக்குப் போய், அவர் வாசிப்பை மனப்பாடம் செய்து திரும்பினார். ஆனால் இரும்பு முள் ஒவ்வொரு ஓட்டத்திலும் தட்டின் பள்ளத்தைத் தேய்த்தது. அடிக்கடி படித்த இடமே முதலில் கெட்டுப்போகும். அடுத்து வந்த வானொலி, படிப்பவர் கணக்கில் ஓரடி பின்வாங்கிய கருவி என்றே சொல்வேன். 1938-இல் சென்னை நிலையம் அகில இந்திய வானொலியின் கீழ் ஒலிபரப்பத் தொடங்கியபோது கச்சேரி பல வீடுகளுக்குள் நுழைந்தது உண்மை. அது நினைத்தபோது திரும்பி வராது என்பதும் உண்மை. கேஸட் வந்த பிறகுதான் வானொலியையும் சபாவையும் பிடித்துவைத்து, விரும்பிய இடத்துக்கு நாடாவை ஓட்டிப் படிக்க முடிந்தது.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குறை இருந்தது. தட்டையோ நாடாவையோ மெதுவாகச் சுழற்றினால் சுருதியும் கூடவே இறங்கும். பாதி வேகத்தில் பாட்டு சரியாக ஒரு ஸ்தாயி கீழே போய்விடும். ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண்குரல் ஆணின் முனகலாகும். வேகத்தையும் சுருதியையும் பிரிக்கும் கணக்குமுறையை பெல் ஆய்வகத்தில் ஃபிளானகனும் கோல்டனும் 1966-இல் வெளியிட்டார்கள். தொலைபேசிப் பேச்சைச் சுருக்கி அனுப்பும் ஆராய்ச்சியின் துணைப்பேறு அது. சங்கீதம் அவர்கள் குறியல்ல. வீட்டுக் கணினிக்கு வலு வந்தபோது இந்த வகைக் கணக்கு பாட்டுப் படிப்பவர்களின் மென்பொருளாக மாறி, பிறகு இணையக் காணொளியின் ஓரத்தில் ஒரு பொத்தானாக ஒட்டிக்கொண்டது. சுருதி அசையாமல் காலம் மட்டும் நீளும். காலம் அசையாமல் கட்டையை மட்டும் மாற்றும் கருவிகளும் உண்டு.

இங்கேதான் வலுவான ஆட்சேபம் எழுகிறது. கமகம் ரப்பர் அல்ல, இழுத்தால் நீள்வதற்கு. தோடியின் காந்தாரம் அசைவதைப் பாதி வேகத்தில் கேட்டால், அது அசைவாக இல்லாமல் இரண்டு சுரங்களுக்கு இடையே ஊஞ்சலாடுவது போல ஒலிக்கும். தேர்ந்த பாடகர் அதே வரியைச் சௌக்க காலத்தில் பாடும்போது அசைவை அந்த அளவுக்கு மந்தமாக்குவதில்லை. அசைவின் துடிப்பை விட்டுவிடாமல் சுரத்துக்குள் இன்னும் சில அசைவுகளைச் சேர்க்கிறார். காலம் ஏறும்போது சிலவற்றை உதிர்க்கிறார். சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடவைப்பதன் பொருளும் ஓரளவு இதுதான்: எது நிற்கும், எது உதிரும் என்பதைத் தொண்டை கற்றுக்கொள்கிறது. இயந்திரம் மெதுவாக்கியதை அப்படியே பாடி, பிறகு வேகம் கூட்டும் மாணவர் இல்லாத ஒரு பாட்டைப் படிக்கிறார். இந்த ஆட்சேபம் சரி. ஆனால் இது மெதுவாகப் பாடுவதற்கு எதிரானதே தவிர மெதுவாகக் கேட்பதற்கு எதிரானது அல்ல. ஒரு பிருகா எந்தச் சுரத்தைத் தொட்டுத் திரும்புகிறது என்று கண்டுபிடிக்கப் பாதி வேகம் உதவும். கண்டுபிடித்ததைப் பாடுவதற்கு முழு வேகத்துக்குத்தான் வர வேண்டும்.

இயந்திரம் பாடும், கேட்காது என்பது இன்னொரு குறை. பிழையான சங்கதியை நூறு தடவை சுழலவிட்டுப் பழகினால் பிழை நூறு மடங்கு உறுதிப்படும். சுருதியைக் கோடாக வரைந்து காட்டும் செயலிகள், சுரம் இடம் தவறியதைச் சொல்லும். ராகத்தின் முகம் கோணியதைச் சொல்லாது. ஆசிரியரின் இடம் இங்கே பத்திரமாக இருக்கிறது, இன்று அவரே பல நேரம் திரைக்குள்ளிருந்து கற்பிக்கிறார் என்பது வேறு விஷயம். பதிவுகள் பாடாந்தரங்களைத் தட்டையாக்கிவிட்டன என்ற குற்றச்சாட்டைத்தான் என்னால் பாதிக்கு மேல் ஏற்க முடியவில்லை. குருகுலச் சீடனுக்குப் பெரும்பாலும் ஒரே பாடாந்தரம்தான் தெரியும். ஒரு கிருதியை அரியக்குடியும் செம்மங்குடியும் ஜி.என்.பி.யும் எங்கெங்கே பிரிந்து பாடுகிறார்கள் என்று ஒரே மாலையில் ஒப்பிட்டுப் பார்ப்பது பதிவுகளால்தான் எளிதாயிற்று. தேடல் பட்டியலில் முதலில் வருவதையே எல்லாரும் படிக்கிறார்கள் என்ற மீதிப் பாதியை மறுப்பதற்கில்லை.

கோயம்புத்தூர் தாயியின் தட்டுகளையும் இன்று இணையத்தில் கேட்கலாம். அந்தக் காலத்துத் தட்டுகள் எல்லாம் ஒரே வேகத்தில் பதிவானவை அல்ல. எழுபத்தெட்டுச் சுற்று என்பது பின்னால் நிலைத்த கணக்கு. ஆகவே அவர் எத்தனை கட்டையில் பாடினார், எந்தக் காலப்பிரமாணத்தில் பாடினார் என்பதைத் தட்டை இணையத்தில் ஏற்றியவர் ஒரு ஊகமாக முடிவு செய்திருப்பார். அந்த ஊகத்தின்மேல்தான் மாணவி முக்கால் வேகப் பொத்தானை அழுத்துகிறாள்.