எண்ணூறு மீட்டரில் பெண் உடல்

1

கம்பம் பள்ளத்தாக்கில் மாட்டு வண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்கு வகை பிரிப்பது என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடு என்று பிரித்து, வகைக்கு ஒரு தூரம், வகைக்கு ஒரு பரிசு. எல்லா மாட்டையும் ஒரே ரோட்டில் ஒன்றாக விட்டால் பெரியமாடுதான் ஜெயிக்கும். தேன்சிட்டுக்கு ஆட்டமே கிடையாது. ஆக, வகை என்பது வானத்திலிருந்து விழுந்ததல்ல. போட்டி போட்டியாக இருக்க வேண்டும் என்பதற்காக மனிதர்கள் கூடிப் பேசிப் போட்ட கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று ஏதாவது ஒரு ஜோடியைப் பற்றித் தகராறு வரத்தான் செய்யும். 'இது பூஞ்சிட்டுல சேராதுப்பா, கரிச்சான்ல விடு' என்பார்கள். கமிட்டி முடிவு சொல்லும். மாடு அடுத்த வகையில் ஓடும். அதன் மானம் போவதில்லை.

மாட்டோடு மனுஷியை ஒப்பிடுவதாக யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒப்புமை எங்கே முறிகிறது என்று காட்டுவதற்காகவே இதைச் சொல்கிறேன். விளையாட்டில் 'பெண்கள் பிரிவு' என்பதும் மனிதர்கள் போட்ட கோடுதான். ஆனால் அந்தக் கோட்டில் தகராறு வரும்போது வெளியேற்றப்படுகிறவளுக்கு அடுத்த வகை என்று ஒன்று இல்லை. பதக்கம் போகிறது, பிழைப்பு போகிறது, கடைசியில் அவள் யார் என்பதே ஊர்ச் சந்தியில் பேச்சாகிறது. இதற்கு நம் காலத்தின் சாட்சி புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்திரராஜன். அவர் கதையைத் தனியொரு பெண்ணுக்கு நேர்ந்த துயரமாகப் படித்து 'அய்யோ பாவம்' சொல்லிவிட்டுப் போய்விடலாம். பலரும் அப்படித்தான் போனார்கள். அந்தக் கோட்டின் வரலாற்றுக்குள் வைத்துப் படிப்பதுதான் இக்கட்டுரையின் வேலை.

2

சாந்தி ஓடியது 800 மீட்டர். இந்தத் தூரத்துக்கென்றே ஒரு சரித்திரம் இருக்கிறது. ஒலிம்பிக்கில் பெண்கள் தடகளம் முதன்முதலாக நுழைந்தது 1928இல், ஆம்ஸ்டர்டாமில். 800 மீட்டரும் அதில் இருந்தது. ஜெர்மனியின் லினா ராட்கே உலக சாதனையோடு வென்றார். ஓடி முடித்த பெண்கள் சுருண்டு விழுந்தார்கள், பார்க்கச் சகிக்கவில்லை என்று பத்திரிகைகள் ஊதிப் பெருக்கின. ஓடி முடித்த ஆண்களும் மூச்சிரைத்துத் தரையில் படுக்கத்தான் செய்கிறார்கள் என்பது எழுதியவர்கள் நினைவுக்கு வரவில்லை. விளைவு: 1960 ரோம் ஒலிம்பிக் வரை, 32 வருஷம், அந்த ஓட்டம் பெண்களுக்குக் கிடையாது.

'பெண்ணால் இது முடியாது' என்பது முதல் கட்டம். முடியும் என்று ஓடிக் காட்டியபிறகு கேள்வி தலைகீழாகத் திரும்பியது: 'இவ்வளவு ஓடுகிறாளே, இவள் பெண்தானா?' 1966இல் புடாபெஸ்ட் ஐரோப்பியத் தடகளப் போட்டியில் வீராங்கனைகள் மருத்துவர்கள் முன்னால் நிர்வாணமாக நிறுத்தப்பட்டார்கள். அடுத்த ஆண்டு போலந்தின் ஏவா குளோபுகோவ்ஸ்கா குரோமோசோம் சோதனையால் வெளியேற்றப்பட்டார். 1968 முதல் ஒலிம்பிக்கில் வாயின் உட்கன்னத்தைச் சுரண்டி எடுத்துச் செய்யும் சோதனை வந்தது. தேறியவர்களுக்குப் 'பெண்' என்று சான்றிதழ். ஆணுக்கு அப்படியொரு சான்றிதழை எவரும் கேட்டதில்லை. அவன் ஆண் என்பதற்கு அவனே அத்தாட்சி.

1985இல் ஜப்பானின் கோபேயில் நடந்த பல்கலைக்கழக விளையாட்டில் ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்த்தினெஸ் பதீனியோ இந்தச் சோதனையில் சிக்கினார். அவரது குரோமோசோம் ஆணுக்குரியது என்றது ஆய்வகம். ஆனால் அவர் உடல் ஆண் ஹார்மோனை ஏற்காத உடல். அதனால் அவருக்குக் கிடைத்த கூடுதல் பலம் எதுவுமில்லை. உதவித்தொகையும் பதிவான சாதனைகளும் பறிபோயின. அவர் விடாமல் வாதாடினார். 1988இல் மீண்டும் ஓட அனுமதி வந்தது. 1996 அட்லாண்டாவில் சோதிக்கப்பட்ட 3387 பெண்களில் எட்டுப் பேருக்கு 'ஆண் மரபணு' இருப்பதாக முடிவு வந்தது. எட்டுப் பேரும் போட்டியிட அனுமதிக்கப்பட்டார்கள். சோதனை எதைக் கண்டுபிடிக்கிறதோ அதற்கும் ஓட்டத்தில் கிடைக்கும் ஆதாயத்துக்கும் நேர்க்கோட்டு உறவு இல்லை என்பது அம்பலமாயிற்று. சர்வதேசத் தடகளக் கூட்டமைப்பு 1992இலும் ஒலிம்பிக் கமிட்டி 1999இலும் எல்லோருக்குமான சோதனையைக் கைவிட்டன. சந்தேகம் வந்தால் மட்டும் சோதிக்கலாம் என்ற வாசல் திறந்தே இருந்தது.

சந்தேகம் யார்மேல் வரும்? எல்லோரையும் சோதிப்பது ஒருவகை அவமானம். சந்தேகப்பட்டவளை மட்டும் சோதிப்பது வேறுவகை. இரண்டாவதில் பார்க்கிறவனின் கண்தான் முதல் கருவி. அந்தக் கண்ணுக்குள் நிறமும் சாதியும் 'பெண் இப்படித்தான் இருப்பாள்' என்ற படிமமும் ஏற்கெனவே குடியிருக்கின்றன.

3

சாந்தியின் பெற்றோர் செங்கல் சூளையில் கூலி வேலை செய்த தலித்துகள். 2005இல் இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் அவர் வெள்ளி வென்றார். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 நொடியில் ஓடி இன்னொரு வெள்ளி. சில நாட்களுக்குள் பாலினச் சோதனை, பதக்கப் பறிப்பு. என்ன சோதனை, எதற்காக என்று தனக்கு விளக்கப்படவில்லை என்று அவர் பிறகு பேட்டிகளில் சொன்னார். இரகசியமாக இருந்திருக்க வேண்டிய முடிவு செய்தியாக ஓடியது. அவருடைய மருத்துவ அறிக்கையில் என்ன இருந்தது என்று இங்கே பேசப் போவதில்லை. அதைப் பேசியவர்கள் போதும்.

பேச வேண்டியது வேறு. இந்த ஓட்டத்தில் பெண்களுக்கான உலக சாதனை 1 நிமிடம் 53.28 நொடி, 1983இல் செக்கோஸ்லோவாகியாவின் யர்மிலா க்ரடோக்விலோவா ஓடியது. சாந்தி அதைவிட ஏறத்தாழ பத்து நொடி பின்னால். தோஹாவிலேயே தங்கம் அவருக்கு இல்லை; பஹ்ரைனின் மரியம் யூசுஃப் ஜமாலுக்கு. இதை வைத்து மட்டும் அவருக்கு ஆதாயமே இல்லை என்று நிரூபிக்க முடியாது. ஒருவர் எவ்வளவு ஓடியிருப்பார் என்பதை அவரோடு மட்டுமே ஒப்பிட முடியும். ஆனால் ஆதாயம் இருந்தது என்று காட்ட வேண்டிய பொறுப்பு யாருடையது? பதக்கத்தைப் பறித்தவர்களுடையது. தடகளக் கூட்டமைப்பின் 2006ஆம் ஆண்டுக் கொள்கையிலேயே, ஆதாயம் தராதவை என்று அனுமதிக்கத்தக்க உடல்நிலைகளின் பட்டியல் ஒன்று இருந்தது. அதை எடுத்துவைத்து இவருக்காக வாதாட எந்த அமைப்பும் முன்வரவில்லை.

2009இல் பெர்லினில் இதே 800 மீட்டரில் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா தங்கம் வென்றார். அதே சந்தேகம், அதே சோதனை, அதே வம்புப்பேச்சு. ஆனால் அவர் நாடு அவர் பின்னால் நின்றது. பதக்கம் அவரிடமே இருந்தது; 2010இல் மீண்டும் ஓட வந்தார். 2014இல் ஒடிசாவின் டூட்டி சந்த் காமன்வெல்த் அணியிலிருந்து நீக்கப்பட்டபோது இந்திய விளையாட்டு ஆணையம் துணை நின்றது. சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம்வரை போனார். பெண்ணின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் லிட்டருக்கு 10 நானோமோலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்ற 2011ஆம் ஆண்டு விதியை 2015 ஜூலையில் மன்றம் நிறுத்திவைத்தது. எவ்வளவு ஹார்மோனுக்கு எவ்வளவு ஆதாயம் என்பதற்குச் சான்று கொண்டுவாருங்கள் என்றது.

எட்டு வருஷத்தில் மாறியது பெண்ணுடலா? இல்லை. யார் பக்கத்தில் நின்றார்கள் என்பது மாறியது. பதக்கம் பறிபோன சாந்திக்குத் தமிழக அரசு 15 லட்சம் ரூபாய் தந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். பரிசு கிடைத்தது, நீதி கிடைக்கவில்லை. 2012இல் அவர் மறுபடி செங்கல் சூளையில் தினக்கூலிக்கு நின்றார். 2013இல் பெங்களூரில் பயிற்சியாளர் பட்டயம் முடித்தார். ஆணையங்களுக்கும் நீதிமன்றத்துக்கும் போன பிறகு, 2016இல்தான் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தர வேலை.

4

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். சாந்தியைத் திருநங்கை என்று எழுதியவர்கள் உண்டு. ஆதரவாக எழுதியவர்களிலேயே உண்டு. அது தவறு. பிறந்ததிலிருந்து பெண்ணாக வளர்ந்தவர் அவர். பிறவியிலேயே பால்கூறுகள் ஆண், பெண் என்ற இரண்டு வார்ப்புக்குள்ளும் அடங்காத உடலோடு இருப்பவர்கள் இடைப்பாலினர். ஆண் என்று பதியப்பட்டுத் தன்னைப் பெண்ணென்று உணர்ந்து வாழ்பவர் திருநங்கை. இரண்டும் வேறு வேறு. அதிகாரம் இரண்டையும் ஒரே கூடையில் போடுகிறது, நாமும் போடக்கூடாது.

நம் இலக்கண மரபு இதைத் தொடாமல் இல்லை. ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயருக்கென்று தனிப் பால் ஈறு கிடையாது, உயர்திணை ஈறே அங்கும் வரும் என்று கிளவியாக்கத்தில் சொல்லிப் போகிறார் தொல்காப்பியர். நன்னூலார் இன்னும் ஒரு படி போய், பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவதை ஆண்பாலிலும் ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவதைப் பெண்பாலிலும் வைக்கிறார். கவனிக்க வேண்டிய சொல் 'அவாவுதல்'. விருப்பம்தான் பாலைத் தீர்மானிக்கிறது. ஆனால் அதே நூற்பா இவர்களை அஃறிணையாகவும் சொல்லலாம் என்று முடிகிறது. தெருவில் 'அது' என்று கூப்பிடுகிறவனுக்கு இலக்கணத்தின் அனுமதியும் இருக்கிறது! மரபில் இடம் இருந்தது என்று பெருமைப்படுபவர்கள் இந்தப் பின்பாதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஐரோப்பாவில் ஹெர்குலின் பார்பன் கதை தெரிந்ததுதான். பெண்ணாக வளர்ந்து ஆசிரியையாக இருந்தவரை 1860இல் மருத்துவமும் சட்டமும் சேர்ந்து ஆண் என்று தீர்மானித்தன. 1868இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அவருடைய குறிப்புகளைப் பதிப்பித்த ஃபூக்கோ எழுப்பிய பிரச்சினை, ஒவ்வோர் உடலுக்குள்ளும் 'உண்மையான பால்' ஒன்று ஒளிந்திருக்கிறது, அதை நிபுணன் தோண்டி எடுக்க வேண்டும் என்ற நவீன நம்பிக்கை பற்றியது. விளையாட்டு மைதானம் அந்த நம்பிக்கையின் இன்றைய ஆய்வகம்.

சட்டம் இங்கே கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் ஒருவர் தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை ஏற்றது. இரண்டே நாளில், மருத்துவப் பரிசோதனையைக் காட்டி வேலைநீக்கம் செய்யப்பட்ட கரூர்ப் பெண் காவலர் ஒருவரைச் சென்னை உயர் நீதிமன்றம் திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்னது. 2015இல் பிரித்திகா யாஷினி வழக்கு. உதவி ஆய்வாளர் தேர்வில் 100 மீட்டர் ஓட்டத்தில் ஒரு நொடியளவு பிந்தியதைத் தடையாக்காமல் நீதிமன்றம் அவருக்கு வழிவிட்டது.

ஆனால் வேலையும் பந்தயமும் ஒன்றல்ல. இதைச் சொல்லத் தயங்கக்கூடாது. ஆண்களின் 800 மீட்டர் உலக சாதனை 1 நிமிடம் 40.91 நொடி, பெண்களுடையதற்கும் இதற்கும் பன்னிரண்டு நொடிக்கு மேல் இடைவெளி. ஆணுடல் பருவமடையும்போது டெஸ்டோஸ்டிரோன் தரும் உயரம், தசை, ரத்தத்தின் ஹீமோகுளோபின் எல்லாம் சேர்ந்த இடைவெளி அது. பிறகு ஹார்மோனைக் குறைத்தாலும் வளர்ந்த எலும்பு சுருங்குவதில்லை. 'நியாயம் என்பதே ஆதிக்கத்தின் சொல்லாடல்' என்று ஒரு வரியில் முடிப்பது நமக்கு வசதி. ஆனால் பெண்கள் பிரிவு யாரோ போட்ட பிச்சையல்ல. 32 வருஷம் மறுக்கப்பட்டுப் பெண்கள் வாங்கியது. அதற்கு எல்லை வேண்டும் என்று கேட்கிற ஓட்டக்காரியை எதிரியாக்க முடியாது.

அந்த எல்லையை வைத்திருப்பவர்கள் என்ன செய்தார்கள்? 2018இல் வரம்பை 5 நானோமோலாக்கினார்கள். 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரைக்கும் மட்டும். பாகுபாடுதான், ஆனால் தேவையான பாகுபாடு என்றது நடுவர் மன்றம், 2019இல், செமன்யா வழக்கில். 2023 மார்ச்சில் ஆணாகப் பருவமடைந்த திருநங்கைகளுக்குச் சர்வதேசத் தடகளத்தின் பெண்கள் பிரிவு மூடப்பட்டது. இடைப்பாலினருக்கு வரம்பு 2.5 ஆகி எல்லா ஓட்டங்களுக்கும் பரவியது. 2025 செப்டம்பர் 1 முதல் மரபணுச் சோதனை. 1999இல் குழிதோண்டிப் புதைத்ததை வேறு பெயரில் எழுப்பியிருக்கிறார்கள். அந்த மரபணுவை 1990இல் கண்டறிந்த ஆண்ட்ரூ சின்க்ளேரே இதற்கு அதைப் பயன்படுத்துவதை எதிர்த்து எழுதினார். 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், செமன்யாவின் வழக்கு நியாயமாக விசாரிக்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. விதி செல்லுமா என்பதை அது சொல்லவில்லை. கேட்பதற்கு ஒரு காது இருந்ததா என்று கேட்டது. என் கேள்வியும் அதுதான்.

5

இது தோஹாவிலும் பெர்லினிலும் நடக்கிற சமாச்சாரம், நமக்கென்ன என்று தோன்றலாம். விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைக்கு, ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஒரு பெண்ணின் மகள் உத்தமபாளையத்திலோ சின்னமனூரிலோ ஓடப் பழகுகிறாள் என்று வையுங்கள். அவளுக்கு ஓட்டம் பொழுதுபோக்கல்ல. மாவட்டத்தில் மூன்றாவது வந்தால் கல்லூரியில் இடம். மாநிலத்தில் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயோ போலீஸோ. ஒரு நொடியின் பின்னத்தில் ஒரு குடும்பத்தின் தலைமுறை தொங்குகிறது. அவளுக்கு நியாயமான போட்டி வேண்டும். அதே சமயம், நெஞ்சு தட்டையாக, குரல் கட்டையாக, முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு ஓடினால் 'என்னத்தா இது, பையன் மாதிரி இருக்கு' என்ற பேச்சை முதலில் கேட்கப்போவதும் அவள்தான். எல்லையால் பாதுகாக்கப்படுபவளும் எல்லையில் சந்தேகிக்கப்படுபவளும் ஒரே பெண். இந்த இடத்திலிருந்து யோசிக்காத எந்த விவாதமும் மேல்தட்டு விவாதமாகவே முடியும்.

ஆகவே கேட்க வேண்டியது இரண்டு நியாயம். ஓடுகிறவர்களுக்குள் நியாயம், சோதிக்கப்படுகிறவளுக்கு நியாயம். முதலாவதின் பெயரால் இரண்டாவதைத் தின்றுதான் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறார்கள். விதி என்னவென்று முன்கூட்டியே, அவள் மொழியில், எழுத்தில் இருக்க வேண்டும். சம்மதமில்லாமல் சோதனை கூடாது. முடிவு வெளியே கசிந்தால் கசியவிட்டவருக்குத் தண்டனை வேண்டும். மேல்முறையீட்டுச் செலவு அமைப்புகளுடையது. விதி மாறினால் இனி ஓடும் ஓட்டத்துக்கு மாறட்டும். நல்லெண்ணத்தோடு ஓடி வாங்கிய பதக்கத்தைத் தொடக்கூடாது. உலகப் போட்டியின் உச்சியில் போடும் தடையைக் காட்டிப் பள்ளி மைதானத்திலும் ஊர்ப் போட்டியிலும் திருநங்கைப் பிள்ளைகளை விரட்டக்கூடாது. அங்கே ஓடுவது யாருடைய சாதனையையும் பறிப்பதல்ல.

இவற்றில் ஒன்றுகூட 2006இல் சாந்திக்குக் கிடைக்கவில்லை. அவருடைய வெள்ளி இன்னும் திரும்பி வரவில்லை. அந்தக் கோப்பைத் திறந்து, எந்த விதியின்படி, எந்த விசாரணைக்குப் பின் அது பறிக்கப்பட்டது என்று இந்திய ஒலிம்பிக் சங்கம் பதில் சொல்ல வேண்டும். அனுதாபக் கவிதைகள் நிறைய எழுதியாயிற்று. இனி நாம் எழுத வேண்டியது மனு.