'பட்டான்': ஒரு சொல்லின் கதை

தருமபுரிப் பக்கம் பல ஊர்களில் வேடியப்பன் கோயில் உண்டு. உள்ளே எட்டிப் பார்த்தால், வில்லும் வாளும் ஏந்திய வீரனைச் செதுக்கிய பலகைக் கல்தான் சாமி. 'அதுல என்னமோ கிறுக்கி இருக்குது' என்பார்கள் நம் ஊர்ப் பெரியவர்கள். அது கிறுக்கல் அல்ல, வட்டெழுத்து. அந்தக் கல், ஒரு வீரனின் நடுகல்.

கி.பி. 6-ஆம் நூற்றாண்டு தொடங்கி பல்லவர், கங்கர், நுளம்பர் காலத்துக் கற்கள் இங்கே கிடைத்துள்ளன. பலவற்றில் வாசகம் ஒரே மாதிரிதான்: இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டில், தொறு கவர வந்தபோது, இன்னான் 'பட்டான்'. தொறு என்றால் மாட்டு மந்தை.

பொறியியல் படித்த எனக்கு இந்தப் 'பட்டான்' முதலில் பிடிபடவில்லை. கஷ்டப்பட்டான், அடிபட்டான் தெரியும். வெறுமனே பட்டான் என்றால், என்ன பட்டான்?

விடை நம் விடுதியிலேயே இருந்தது! தெலுங்கு பேசும் நண்பன் யாராவது வழுக்கி விழுந்தால் 'படிப்போயாடு' என்று சிரிப்பான். தெலுங்கில் 'படு' என்றால் விழு. கன்னடத்தில் மேற்குத் திசை 'படுவண', அதாவது பொழுது விழும் திசை. தமிழிலும் மறையும் சூரியன் படுஞாயிறு. காய்ந்த மரத்தை 'பட்டுப்போச்சு' என்கிறோம். மூன்று மொழிக்கும் பொதுவான பழைய திராவிட வேர் இது. ஆக, பட்டான் என்றால் களத்தில் விழுந்து மடிந்தான்.

இன்றைய ஈராக்கில் 4000 ஆண்டுகளுக்கு முன்பே களிமண் பலகைகளில் எழுதப்பட்ட அக்காதிய மொழியிலும் 'மகாத்து' என்றொரு வினைச்சொல் உண்டு. அதற்கும் விழுதல், போரில் மடிதல் என்று இரண்டு பொருள். அது அரபு, எபிரேயம் சேர்ந்த செமிட்டிக் குடும்பம். நம் மொழிக்குச் சொந்தமில்லை. ஆனாலும் நின்றவன் விழுந்ததைப் பார்த்த மனிதர்கள், இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் சொல்லி இருக்கிறார்கள்.

ஊர் மாட்டைக் காக்கப் போய் விழுந்தவனுக்கு, ஊரார் கல்லை நிமிர்த்தி நட்டார்கள். அதைத் துணி துவைக்கவும் வாசற்படிக்கும் போட்டுவிட்டால், அவன் இரண்டாம் முறை விழுந்த மாதிரி. தருமபுரி அகழ்வைப்பகத்தில் இத்தகைய கற்களைக் காணலாம். உங்கள் வயல் வரப்பில் எழுத்துள்ள கல் தென்பட்டால், புரட்டிப் போடாமல் தொல்லியல் துறைக்கு ஒரு தகவல் சொல்லுங்கள், நண்பர்களே.