கடிகாரமும் டுப்கியும்: தொழில்முறைக் கபடியை ஆட்டக்காரர்கள் மாற்றிய விதம்

விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியில் உள்ள மண்டகப்பட்டுக் குடைவரையில், செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றி இக்கோயிலை எடுப்பித்ததாக முதலாம் மகேந்திரவர்மன் கல்லில் பொறித்துவைத்தான். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்துச் செய்தி அது. விளையாட்டுகளில் அதற்கு இணை தேடினால் சடுகுடுதான் கிடைக்கும். மட்டை கிடையாது, பந்து கிடையாது, வலை கிடையாது. கோடு கிழிக்க ஒரு குச்சியும் நெஞ்சில் மூச்சும் போதும். கருவியே இல்லாத ஓர் ஆட்டம் மாற வேண்டுமானால் சட்டம் மாற வேண்டும், அல்லது ஆடும் உடம்பு மாற வேண்டும். 2014க்குப் பிந்தைய தொழில்முறைக் கபடியில் இவ்விரண்டும் ஒன்றையொன்று எப்படித் துரத்தின என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஒப்பீட்டுக்குக் கூடைப்பந்து உதவும். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் பெரும்பாலும் ஆட்டக்காரர் முன்னே போனார், சட்டம் பின்னே ஓடியது. 6 அடி 10 அங்குல உயரத்தோடு ஜார்ஜ் மைக்கன் கூடையடியில் நின்றுகொண்டு புள்ளிகளைக் குவித்ததால், 1951இல் அங்கிருந்த தடைப்பகுதியின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக்கினார்கள். வில்ட் சேம்பர்லின் வந்தபின் அதுவும் போதவில்லை. 1964இல் 16 அடியாயிற்று. எதிர்மாறான வழக்கும் உண்டு. மூன்று புள்ளிக் கோடு 1979இலேயே வந்துவிட்டது. அதன் முழு மதிப்பு வெளிப்பட்டதோ, ஸ்டீபன் கரி 2015-16 பருவத்தில் 402 முறை அக்கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தைக் கூடைக்குள் போட்டபோதுதான். சட்டம் முதலில் வந்து, அதற்குரிய ஆளுக்காக முப்பத்தைந்து ஆண்டுக்கும் மேல் காத்திருந்தது. கபடியின் கதை இந்த இரண்டாம் வகை என்பது என் கருத்து.

லீக் வருவதற்கு முன்பும் கபடி ஒருவகையில் தொழிலாகவே இருந்தது. ஆண்களுக்கான முதல் தேசியப் போட்டி நடந்ததே சென்னையில்தான். ஆனால் நன்றாக ஆடுபவனுக்குக் கிடைத்த ஊதியம் வேலை: ரயில்வே, காவல்துறை, மின்வாரியம், வங்கி, ஆலை. ஆசிய விளையாட்டில் கபடி முதன்முதலாகப் பதக்கப் போட்டியான 1990 பெய்ஜிங்கில் தங்கம் வென்ற அணியில் தமிழ்நாட்டின் ராஜரத்தினம் இருந்தார். 1994 ஹிரோஷிமாவில் மணத்தி கணேசன். இருவருக்கும் அர்ஜுனா விருது வந்தது. மாரி செல்வராஜின் ‘பைசன்’ படத்துக்குப் பிறகு கணேசனின் பெயர் கபடி பார்க்காதவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. சாதிப் பகை மண்டிய ஊர்ப்புறத்திலிருந்து ஒருவன் தப்பி மேலேற ஆட்டம் ஒரு வாசலாயிற்று. ஆனால் வாசலுக்கு அப்பால் இருந்தது வேலைதான், சந்தை அல்ல.

சந்தை 2014 ஜூலை 26 அன்று வந்தது. எட்டு அணிகளோடு தொடங்கிய புரோ கபடி லீக், தொலைக்காட்சிக்கு ஏற்றபடி ஆட்டத்தை இறுக்கியது. பாடிப் போகிற ரெய்டருக்கு ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. அடுத்தடுத்து இரண்டு ரெய்டு வெறுமையாகப் போனால் மூன்றாவது ‘டூ ஆர் டை’. புள்ளி எடுக்காவிட்டால் அவர் அவுட். பிடிக்கும் அணியில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது ரெய்டரைப் பிடித்துவிட்டால் ‘சூப்பர் டேக்கிள்’, ஒரு புள்ளி கூடுதல். மண்தரையில் நடுவரின் காதுதான் எல்லாம். மூச்சு அறுந்ததா இல்லையா என்ற சண்டையில் பாதி ஆட்டம் போய்விடும். இங்கே பாட்டு இருக்கிறது, ஆனால் அளவு பார்ப்பது கடிகாரம்.

ஆமை வேகத்தை ஒழிக்கவே ‘டூ ஆர் டை’ வந்தது. நடந்ததோ வேறு. தேர்ந்த அணிகள் முதல் இரண்டு ரெய்டையும் வேண்டுமென்றே வெறுமையாக்கி, மூன்றாவதற்கென்றே ஆளைத் தயார்செய்தன. இந்தக் கணக்கை முதலில் அழகாக ஆடிக் காட்டியவர் அனூப் குமார். முதல் பருவத்தில் அதிகபட்சமாக 155 ரெய்டு புள்ளிகள் எடுத்தவர் அவரே. பாய்ச்சல் குறைவு, பொறுமை அதிகம். எதிரே ஆறு பேரோ அதற்கு மேலோ நின்றால் போனஸ் கோட்டைத் தொட்டு ஒரு புள்ளி, இல்லையென்றால் கால்விரல் நுனியால் ஒரு டச். அவருக்குப் பிறகு போனஸ் என்பது உபரி வருமானம் அல்ல, சம்பளம்.

பர்தீப் நர்வால் அந்தப் பொறுமையை உடைத்தார். பிடிப்பவர்கள் கைகோத்துச் சங்கிலியாக வளைப்பது கபடியின் பழைய நம்பிக்கை. அரியானாவின் ரிந்தானா கிராமத்திலிருந்து வந்த இவர், அந்தக் கைகளுக்கு அடியில் குனிந்து நழுவி நடுக்கோட்டைத் தொட்டார். அதுதான் டுப்கி. குனிந்து தப்புவது கிராமத்து ஆட்டத்துக்குப் புதிதல்ல. புதிது, அதை அவர் தற்காப்பாக இல்லாமல் தாக்குதலாக வைத்துக்கொண்டதுதான். வேண்டுமென்றே ஆழமாக உள்ளே போய், சங்கிலி தன்மேல் விழும்வரை காத்திருந்து, விழுந்தவர்கள் அத்தனை பேரையும் புள்ளியாக்கினார். 2017இல் ஐந்தாம் பருவத்தில் 369 ரெய்டு புள்ளிகள். அந்தப் பருவத்தில் அரியானா ஸ்டீலர்ஸை அவருடைய பாட்னா அணி 69-30 என்று வீழ்த்திய ஆட்டத்தில் அவர் எடுத்தவை 34. அதில் ஒரே ரெய்டில் 8. கூட்டமாகப் பாய்வதே ஆபத்து என்று ஆனபோது, தனி ஆளாகக் காலைப் பிடித்து நிறுத்தும் கார்னர் ஆட்டக்காரரின் விலை ஏறியது.

அந்த இடத்தில்தான் ஈரானின் பசல் அத்ராச்சலி நிற்கிறார். மல்யுத்தம் வேரூன்றிய நாட்டிலிருந்து வந்த இடது கார்னர். 2018 ஏலத்தில் லீக்கின் முதல் ஒரு கோடி ரூபாய் ஆட்டக்காரர் இவர்; ரெய்டரை விட்டுவிட்டுப் பிடிப்பவர் ஒருவர் அந்த வரம்பை முதலில் தாண்டினார் என்பதைக் கவனிக்க வேண்டும். அதே ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் அரையிறுதியில், 1990 முதல் ஏழு தங்கமும் வென்றிருந்த இந்தியாவை ஈரான் 27-18 என்று வீழ்த்தியது. இந்திய லீக்கில் இந்தியர்களோடு பழகிக் கற்றதை இந்தியாவிடமே காட்டினார்கள். லீக் செய்த மிகப் பெரிய மாற்றம் இதுதான் என்பேன்.

தமிழர்களில் தர்மராஜ் சேரலாதனுக்குத் தனி இடம். தஞ்சாவூர்ப் பகுதியைச் சேர்ந்த இந்த வலது கார்னர், 2016இல் தம் 41ஆம் வயதில் பாட்னா பைரேட்ஸுக்குத் தலைமையேற்றுக் கோப்பை வென்றார். மண்தரையில் கற்ற கணுக்கால் பிடி லீக்கின் ‘மேட்’ விரிப்பிலும் செல்லும் என்பதற்கு அவரே சான்று.

ஆனால் பெரிய பெயர்கள் மட்டும் ஆட்டத்தை நடத்திவிடுமா? 2019இல் தமிழ் தலைவாஸில் அஜய் தாக்கூர், ராகுல் சவுத்ரி, மஞ்சீத் சில்லர் மூவரும் இருந்தனர். பட்டியலில் அந்த அணி பன்னிரண்டில் பன்னிரண்டாவது. மூன்று வருடம் கழித்து 2.26 கோடிக்கு வாங்கிய பவன் செராவத் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். அந்தப் பருவத்தில்தான், பெரிய பெயரின் நிழல் இல்லாமல், அணி முதன்முதலாக அரையிறுதிக்குப் போனது. வேடிக்கைதான். 2014இல் ராகேஷ் குமாருக்கு உச்சவிலை 12.80 லட்சம், 2023இல் அதே பவனுக்கு 2.605 கோடி. விலை ஏறிய வேகத்துக்கு வெற்றி ஏறவில்லை.

இந்த வரலாறு முழுவதும் ஆண்களுடையது. பெண்களுக்கு 2016இல் மூன்று அணிகளைக் கொண்ட ஒரு சிறு தொடர் நடந்தது. அதன்பின் லீக் அதைத் தொடரவில்லை. 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகரின் கார்த்திகா இருந்தார். அவருக்குத் தமிழக அரசு 25 லட்சம் ரூபாய் பரிசளித்தது. அவரை ஏலம் கேட்க புரோ கபடி லீக்கில் எந்த அணியும் இல்லை. ராஜரத்தினமும் கணேசனும் நின்ற அதே இடத்தில், அரசு தரும் பரிசையும் வேலையையும் எதிர்பார்த்தே பெண்களின் கபடி இன்னும் நடக்கிறது.