லமூரெத்தும் ஒருநாள் ஒற்றுமையும்

அவையிற் பேசினோர் பெயரை வரலாறு போற்றும். அப்பேச்சை எழுதிக் கொடுத்தோர் பெயரை அது பெரும்பாலும் மறந்துவிடும். பிரெஞ்சுப் புரட்சியின் தலைசிறந்த நாவலர் எனப் புகழப்பெற்ற மிராபோவின் உரைகள் பல பிறர் எழுதியவையே. செனீவா நகரினரான தூமோன், கிளாவியேர் முதலியோர் அவர்க்கு எழுதி உதவினர். திருச்சபை பற்றிய பொருளில் அவருக்குத் துணைநின்றவர் அதிரியன் லமூரெத் என்னும் குருவானவர். பின்னாளிற் சட்டவாக்க அவையிலே தம் வாயாலேயே பேசும் வாய்ப்பும் இவருக்குக் கிட்டியது.

லமூரெத் 1742 இல் வட பிரான்சிற் பிறந்தவர். வின்சென்ட் தெ போல் அடிகள் நிறுவிய சபையிற் சேர்ந்து, தூல் நகர்க் குருமடத்தின் தலைவராயிருந்தார். பகுத்தறிவும் சமயமும் பகையல்ல என்பது அவர் நூல்களின் கருத்து. 1790 யூலையில் இயற்றப்பட்ட சட்டம் குருமாரை மக்களால் தெரிவு செய்யப்பட்டு அரசிடம் வேதனம் பெறுவோர் ஆக்கியது. அச்சட்டத்தை ஏற்றுச் சத்தியஞ் செய்வதா என்னும் வினா திருச்சபையை இரண்டாகப் பிளந்தது. 1791 சனவரியில் இதுபற்றி மிராபோ அவையிற் படித்த உரை லமூரெத்தின் எழுத்தேயாகும்.

அவ்வாண்டிலேயே லமூரெத் லியோன் நகர மேற்றிராணியாராகத் தெரிவு செய்யப்பட்டார். ஏப்பிரில் 2 இல் மிராபோ இறந்தார். ஒக்டோபரிற் கூடிய சட்டவாக்க அவையின் 745 உறுப்பினருள் லமூரெத்தும் ஒருவரானார். முன்னை அவையினர் இதில் அமர்தல் விலக்கப்பட்டிருந்தமையால் உறுப்பினர் யாவரும் புதியோரே.

1792 ஏப்பிரிலில் ஒஸ்திரியாவோடு போர் மூண்டது. யூன் 20 இல் மக்கட் கூட்டம் அரண்மனையுட் புகுந்தது. அவையோ கட்சிப் பகையால் நிலைகுலைந்திருந்தது. யூலை 7 இல் லமூரெத் எழுந்து, நாட்டின் கேடுகளுக்கெல்லாம் வேர் அவையின் பிளவே என்றார். எதிர்க்கட்சியினர் குடியரசை நாடுகின்றனர் என ஒரு சாராரும், ஆங்கில நாட்டைப்போல் ஈரவை முறையை நாடுகின்றனர் என மறு சாராரும் ஐயுற்றனர். அவ்விரண்டையும் ஒருங்கே வெறுத்தொதுக்குவதாக அனைவரும் சூளுரைக்க வேண்டும் என்று அவர் வேண்டினார். அவை முழுதும் எழுந்தது. பகைவர் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டனர். வலப்புறத்தாரும் இடப்புறத்தாரும் கலந்தமர்ந்தனர். செய்தியறிந்து மன்னர் பதினாறாம் லூயியும் அவைக்கு வந்தார்.

அவ்வொற்றுமை நிலைக்கவில்லை. பாரிசு நகர முதல்வர் பெத்தியோன் பதவியினின்று இடைநிறுத்தப்பட்டமை பற்றி உடனே பூசல் எழுந்தது. ஓகத்து 10 இல் முடியாட்சியே வீழ்ந்தது. நிலையில்லாத சமாதானத்தை ‘லமூரெத் முத்தம்’ எனப் பிரெஞ்சு மக்கள் எள்ளலாயினர். அவர் பெயரைப் போன்றொலிக்கும் பிரெஞ்சுச் சொல்லொன்று சிறுபொழுதுக் காதலைக் குறிப்பதும் அவ்வெள்ளலுக்கு இடமளித்தது.

எனினும் அன்று தழுவிக்கொண்டோர் யாவரும் நடித்தனர் என்றல் பொருந்தாது. பிளவு உண்மை; அதனைத் தீர்க்கும் வேட்கையும் உண்மை. ஆயின் மன்னர்பாற் கொண்ட ஐயமும், எல்லையில் நெருங்கிய பகைப்படையும், சமயப் பிணக்கும் அரவணைப்பால் நீங்கத்தக்கன அல்ல. லமூரெத் உள்ளங்களை ஒன்றுபடுத்தினார். பிணக்கின் காரணங்களோ இருந்தவாறே இருந்தன.

1793 இல் லியோன் நகரம் பாரிசு ஆட்சியை எதிர்த்தெழுந்து முற்றுகையில் வீழ்ந்தது. லமூரெத் சிறைப்பட்டுப் பாரிசுக்குக் கொண்டு செல்லப்பட்டார். 1794 சனவரி 11 இல் அவர் தலை கொய்யப்பட்டது.

சொல்வன்மையை அமைச்சியலில் வைத்த திருவள்ளுவர், அதனையடுத்து வினைத்தூய்மையையும் வினைத்திட்பத்தையும் வைத்தார். லமூரெத்திடம் சொல்லும் தூய்மையும் இருந்தன. அச்சொல்லைச் செயலாக்கும் திட்பம் அவர் வாழ்ந்த அவைக்கு இல்லாதொழிந்தது. சமாதான உரைகளைக் கேட்டு மகிழும் எந்நாட்டு மக்களும், மறுநாள் எது மாறிற்று என வினவுதல் வேண்டும்.