துப்பாக்கி பேணிய கைகள்

மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் தெற்கே சேற்றூர், சிவகிரி முதலிய பாளையங்கள் கோலோச்சிய பதினெட்டாம் நூற்றாண்டில், திரித்துப்பாக்கியைப் பேணுதல் அதனைச் சுடுதலினும் குறைந்த வித்தையன்று. வெடியுப்பில் தோய்த்துலர்த்திய திரியை நமுத்துவிடாமல் காத்தல் வேண்டும். வெடிமருந்தின் கசடு ஈரத்தை ஈர்த்து இரும்பை அரித்துவிடுமாதலால், சுட்ட குழலை வெந்நீரால் கழுவி, நன்குலர்த்தி, எண்ணெய் பூசுதல் வேண்டும். இவை ஏட்டுச் சிக்ஷையால் மட்டும் வருவன அல்ல. கை பார்த்துக் கை பழகி வருவன.

பாளையங்களை ஒடுக்கிய கிழக்கிந்தியக் கும்பெனியின் சார்பில், 1799-இல் மேஜர் பானர்மனும், 1801-இல் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவும் ஆயுதம் தாங்குதலைத் தடுத்துப் பிரகடனம் செய்தனர். 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமோ எஞ்சியதையும் உரிமச் சீட்டுக்குள் அடக்கிற்று. ஆயுதம் பறிபோனபோது, அதனைச் செப்பனிட்ட கைத்திறனின் ஜீவனும் உடன் ஒடுங்கிற்று என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சம் கனக்கிறது.