அசலும் நகலும்: அமெரிக்க ‘மசில் கார்’களின் மெய் காணும் முறை

1964-ஆம் ஆண்டு மாதிரியாக அமெரிக்காவின் பான்டியாக் நிறுவனம் 32,450 ஜி.டி.ஓ. கார்களை விற்றது. அவற்றுள் ஒன்று எனச் சொல்லப்படும் காரை இன்று ஒருவர் விலைபேசச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கதவுத் தூணில் பதித்த தகட்டிலுள்ள அடையாள எண்ணை அவர் ஒவ்வோர் இலக்கமாகப் படித்தாலும், அது ஜி.டி.ஓ.தானா என்பதை அவ்வெண் சொல்லாது. பான்டியாக்கின் சாதாரணக் காரான லெமான்ஸுக்கு எந்த எண்முறையோ, அதே எண்முறைதான் ஜி.டி.ஓ.வுக்கும் வழங்கப்பட்டது.

இது கவனக்குறைவால் நேர்ந்ததன்று. பான்டியாக் அப்போது ஜெனரல் மோட்டார்ஸ் கூட்டு நிறுவனத்தின் ஒரு பிரிவாயிருந்தது. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்திற்கு, அதாவது ஏறத்தாழ 5.4 லிட்டருக்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தக் கூடாது என்பது தலைமையகம் இட்ட விதி. அப்போது பான்டியாக்கின் தலைமைப் பொறியாளராயிருந்த ஜான் டெலோரியனும் அவருடைய துணைவர்களும் பெரிய காருக்குரிய 389 கன அங்குல எஞ்சினைச் சிறிய காரில் வைக்க விரும்பினர். புதிய மாதிரி ஒன்றை வெளியிடத் தலைமையகத்தின் ஒப்புதல் வேண்டும். ஏற்கெனவே உள்ள மாதிரிக்கு வாங்குவோர் விரும்பிக் கேட்கும் கூடுதல் உறுப்புகளை அளிக்க அது வேண்டியதில்லை. ஆகவே, ஜி.டி.ஓ. ஒரு காராக அன்றி, லெமான்ஸ் காரின் கூடுதல் உறுப்புத் தொகுதியாக, 300 டாலருக்குச் சற்றுக் குறைந்த விலையில் பட்டியலில் இடம்பெற்றது. விதியை மீறாமலே விதியைத் தாண்டிய இச்சாமர்த்தியத்தை மோட்டார் வரலாற்று ஆசிரியர்கள் பாராட்டியே எழுதுவர். ஆனால் அதற்குரிய வட்டியை அறுபது ஆண்டு கழித்து வாங்குகிறவர் அல்லவா கட்டிக்கொண்டிருக்கிறார்!

1966-இல் ஜி.டி.ஓ. தனி மாதிரியாயிற்று. அன்று முதல் அதன் எண் 242 என்று தொடங்கும். முந்திய இரண்டாண்டுக் கார்களுக்கு அந்தச் சான்று கிடையாது.

மதிப்பு வந்த கதை

‘மசில் கார்’ என்பது பெரிய எஞ்சினை நடுத்தரக் காரில் பொருத்தி, இளைஞர்க்கு எட்டும் விலையில் விற்ற ஒருவகைக் கார். அதன் பொற்காலம் பத்தாண்டும் நீடிக்கவில்லை. காப்புறுதி நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தின. 1970-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1973-இல் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்தது. அதன் பின்னர் இக்கார்கள் பழைய வண்டிக் கடைகளில் மலிவாகக் கிடந்தன. பந்தயம் ஓடி எஞ்சினை உடைத்தவர்கள், கைக்குக் கிடைத்த வேறோர் எஞ்சினை வைத்து ஓட்டினர். அந்நாளில் அதனை யாரும் குற்றமாக எண்ணவில்லை. வண்டி ஓடினால் போதும்.

பிற்காலத்தில் அதே இளைஞர்கள் செல்வரான பின், விலை ஏறியது. 1971-ஆம் ஆண்டின் பிளிமத் ஹெமி குடா வகையில் கூரை மடக்கும் கார்கள் 11 மட்டுமே செய்யப்பட்டன எனக் கணக்கிடுகின்றனர். அவற்றுள் ஒன்று 2014-இல் சியாட்டில் நகர ஏலத்தில் 35 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. அதே ஆண்டில் சிறிய எஞ்சினோடு வெளிவந்த சாதாரணப் பாரகுடாவின் உடற்கூடும் இதன் உடற்கூடும் ஒன்றே. வேறுபாடு எஞ்சினிலும் சில உறுப்புகளிலும்தான். அவற்றையெல்லாம் தனித்தனியே விலைக்கு வாங்கலாம். பெயர்ப்பட்டை, வண்ணக்கோடு, இருக்கைத் துணி ஆகியவை இன்று புதிதாகவே செய்து விற்கப்படுகின்றன.

சாதாரணக் காரை உயர்ந்த மாதிரிபோல் அமைத்து, ‘இது நகல்’ என்று சொல்லியே விற்பதில் தவறில்லை. அதற்கும் விருப்பத்தோடு வாங்குவோர் உண்டு. இருமுறை மும்முறை கைமாறும்போது ‘நகல்’ என்னும் சொல் எங்கோ உதிர்ந்துபோவதுதான் தொல்லை. முதலில் செய்தவர் பொய் சொல்லாமலேகூடப் பொய்க்கார் ஒன்று பிறந்துவிடுகிறது.

இரும்பு தரும் சாட்சி

காரின் மெய்ம்மையை ஆராய்வோர் முதலில் எஞ்சினைப் பார்க்கின்றனர். செவர்லேயின் பெரிய எஞ்சின்கள் நியூயார்க் மாநிலத்தின் டோனவாண்டாத் தொழிற்சாலையில் செய்யப்பட்டன. எஞ்சினின் முன்புறத்தில், சிலிண்டர் தலைக்கு அருகே, சமன்செய்த சிறு மேடை ஒன்றுண்டு. அதில் ‘டி 0213 சி.ஆர்.வி.’ என்று பொறித்திருந்தால், டோனவாண்டாவில் பிப்ரவரி 13-ஆம் நாள் பூட்டப்பட்டது என்பதும், கையால் கியர் மாற்றும் 1970-ஆம் ஆண்டு ஷெவெல் காருக்கென அமைத்த 450 குதிரைத்திறன் எஞ்சின் என்பதும் பொருள். இதுவன்றி, உருக்கிரும்பை அச்சில் ஊற்றிய நாளும் எஞ்சினின் உடலிலேயே வார்ப்பெழுத்தாக நிற்கும். அதில் மாதத்தை ஓர் எழுத்தாலும், ஆண்டை அதன் கடைசி இலக்கத்தாலும் குறித்தனர். காரின் உடலை எந்த மாதத்தில் எந்த வாரத்தில் கட்டினர் என்பது மற்றொரு தகட்டில் இருக்கும். ‘02 சி’ என்றால் பிப்ரவரி மூன்றாம் வாரம்.

இம்மூன்று நாட்களும் வரிசைப்பட நிற்க வேண்டும். வார்ப்பு முதலில், எஞ்சின் பூட்டியது அடுத்து, கார் கட்டியது பிறகு. கார் கட்டி முடிந்த பின்னரே எஞ்சின் பிறந்ததாக எழுத்துச் சொல்லுமானால், அந்த எஞ்சின் பிற்காலத்தில் வந்து புகுந்தது என்பது திண்ணம். பல மாத இடைவெளி இருந்தாலும் ஐயம் எழும். கல்வெட்டு ஆராய்வோர் மன்னனின் ஆட்சியாண்டையும் எழுத்தின் வடிவையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதற்கும் இதற்கும் முறையளவில் வேறுபாடில்லை.

1968 மாதிரி முதல், காரின் வரிசை எண்ணையும் எஞ்சினில் பொறிப்பது அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பொதுவழக்கமாயிற்று. காரின் எண்ணும் எஞ்சினின் எண்ணும் ஒன்றாயிருப்பதையே ‘மேட்சிங் நம்பர்ஸ்’ என்பர். இச்சொல் சந்தையில் மந்திரச்சொல்லாகிவிட்டது. 1964-ஆம் ஆண்டு பான்டியாக் எஞ்சினிலோ காரின் எண் பொறிக்கப்படவே இல்லை. அவ்வாண்டு ஜி.டி.ஓ.வை, கார் எண்ணே எஞ்சினிலும் இருக்கிறது என்று கூறி ஒருவர் விற்க முன்வந்தால், அக்கூற்றே ஐயத்திற்கு முதற்காரணமாகிவிடும்.

எண்ணைப் போலியாகப் பொறிப்பதும் நடக்கிறது. பழைய எண்ணைத் தேய்த்துவிட்டு வேண்டிய எண்ணை அடிக்க ஓர் உளியெழுத்துத் தொகுதியும் சுத்தியலும் போதும். ஆயினும் தொழிற்சாலையில் அந்த மேடையைச் சமன்செய்த பொறி, ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்களை விட்டுச் சென்றிருக்கும். தேய்த்தவனால் அவற்றை எளிதில் மீட்க முடிவதில்லை. ஆகவே, தேர்ந்தவர்கள் எண்ணைப் படிக்குமுன் எண்ணுக்கு அடியிலுள்ள கீறல்களைப் படிக்கின்றனர். இங்கும் ஓர் இடர்ப்பாடு உண்டு. நேர்மையாக எஞ்சினைப் பழுதுபார்த்தவர், சிலிண்டர் மேற்பரப்பைக் கடைந்து சமன்செய்தபோது அசல் எண்ணையும் கீறலையும் சேர்த்தே அழித்திருக்கக்கூடும். உண்மையான எஞ்சின் சாட்சியை இழக்கிறது. போலியோ புதுச் சாட்சியோடு நிற்கிறது.

ஏடு காத்தவர், காவாதவர்

இரும்பு ஊமையாகும் இடத்தில் ஏடு பேச வேண்டும். கிறைஸ்லர் நிறுவனம் 1966 முதல் எஞ்சின் வகையைக் காரின் எண்ணிலேயே ஐந்தாம் குறியாக அமைத்தது. 1970, 1971 ஆண்டுகளில் ஆங்கில ‘ஆர்’ எழுத்து ஹெமி எஞ்சினைக் குறிக்கும். அந்த எழுத்து இல்லாத காரில் ஹெமி எஞ்சின் எத்துணை அழகாக உட்கார்ந்திருந்தாலும் அது பிறவி ஹெமி அன்று. மேலும், கார் கட்டும்போது தொழிலாளர்க்கு வழிகாட்டிய தாள்கள் இருக்கைச் சுருள்களின் நடுவே செருகப்பட்டு அப்படியே கிடந்தன. செவர்லேக் கார்கள் சிலவற்றில் பெட்ரோல் தொட்டியின் மேல் அவை அகப்பட்டுள்ளன. அக்கறையின்றி வீசியெறிந்த குப்பைத்தாள் இன்று பட்டயமாயிற்று. சில வேளைகளில் அடுத்து வந்த காரின் தாள் இந்தக் காருக்குள் போய்விட்டதும் உண்டு. ஆதலால், தாள் கிடைத்தது என்பதோடு அமையாமல், அதிலுள்ள எண்ணையும் ஒப்பிட வேண்டும்.

ஃபோர்டு நிறுவனத்தின் 1967 முதலான உற்பத்திப் பதிவுகள் அழியாமல் நின்றன. அவற்றைப் பயன்படுத்தும் உரிமையைப் பெற்ற அரிசோனா மாநிலத்துக் கெவின் மார்ட்டி, காரின் எண்ணைக் கொண்டு அது என்னென்ன உறுப்புகளோடு எந்நாளில் கட்டப்பட்டது என்பதை அறிக்கையாக எழுதித் தருகிறார். பான்டியாக்கின் விலைப்பட்டியல் பதிவுகளும் அவ்வாறே பிழைத்தன. 1964-ஆம் ஆண்டு ஜி.டி.ஓ.வின் வழக்கைத் தீர்ப்பவை அவையே; இரும்பு சொல்லாததைக் கணக்கர் எழுதிய சீட்டு சொல்கிறது.

மிகுதியாக விற்ற செவர்லேயிலோ நிலைமை வேறு. கார் ஒவ்வொன்றின் விவரத்தையும் தரும் அத்தகைய பதிவு, அமெரிக்காவில் விற்ற கார்களுக்குக் கிட்டுவதில்லை. எல்லைக்கு அப்பால் கனடாவில் விற்ற கார்களின் பதிவுகளைக் கனடா ஜெனரல் மோட்டார்ஸ் காத்து வைத்தது. இசட்-28 கமாரோ 1967-இல் 602 மட்டுமே செய்யப்பட்டது. அதன் எண்ணிலும் அது தெரியாது. ஷெவெல் எஸ்.எஸ். 396 கார் 1966 முதல் 1968 வரை 138 என்று தொடங்கும் தனியெண் பெற்றிருந்தது. 1969-இல் அது மீண்டும் கூடுதல் உறுப்புத் தொகுதியாக்கப்பட்டது. ஆகவே, மக்கள் மிகவும் விரும்பும் 1970-ஆம் ஆண்டுக் காருக்கே எண்ணின் சாட்சி இல்லாமற்போயிற்று. 1972-இல்தான் எஞ்சின் குறி எண்ணுள் வந்தது. அதற்குள் அந்த 450 குதிரைத்திறன் எஞ்சின் மறைந்துவிட்டது. செவர்லே உலகில் போலிகளைப் பற்றிய பேச்சு மிகுதியாயிருப்பதற்கு, ஏடு இல்லாக் குறையும் ஒரு காரணம்.

தேய்ந்த காரின் மதிப்பு

1968-இல் வெளிவந்த ‘புல்லிட்’ திரைப்படத்தில் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் பச்சை நிற மஸ்டாங் காரில் சான் பிரான்சிஸ்கோ மேடுகளில் பறந்தார். படத்திற்கென அடுத்தடுத்த எண்ணுடைய இரு கார்கள் வாங்கப்பட்டிருந்தன. எண்களின் கடைசி இலக்கங்கள் 558, 559. இரண்டும் பல்லாண்டு மக்கள் கண்ணில் படவில்லை. 558 மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாப் பகுதியில் பாழடைந்து கிடந்தது. அதனை வாங்கியவர்கள் வேறொரு திரைப்படக் காரின் நகலாக மாற்றவிருந்தனர்! எண்ணை ஆராய்ந்தபோது உண்மை புலப்பட்டு வேலை நின்றது. 2017-இல் மார்ட்டி நேரில் சென்று, எண்ணையும், படப்பிடிப்புக்காகச் செய்திருந்த வலுவூட்டல்களையும் கண்டு சான்றளித்தார். சில நாள் பிந்தியிருந்தால் வரலாறு ஒன்று நகலுக்குள் புதைந்திருக்கும்.

559 ஒரு குடும்பத்தாரிடம் 1974 முதல் இருந்தது. அவர்கள் அதைப் புதுப்பிக்கவில்லை. மங்கிய வண்ணத்தோடும் துருவோடும், படப்பிடிப்புக் கருவியைத் தாங்கப் பற்றவைத்த இரும்புத் தடங்களோடும் அது 2018 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் நின்றது. 2020 ஜனவரி ஏலத்தில், தரகு உட்பட 37 இலட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு விற்றது. பளபளப்பாகப் புதுப்பித்திருந்தால், அந்தத் தடங்களைச் சீர்குலைவென்று எண்ணி எவரேனும் அரைத்து எடுத்திருப்பர். காருடன் பிறந்த சான்றும் போயிருக்கும். புதுப்பித்தல் என்பது பெரும்பாலும் சான்றழித்தல் என்பதைச் சேகரிப்போர் காலந்தாழ்த்தியே உணர்ந்தனர்.

சட்டத்தின் பிடி

கார்த் திருட்டைத் தடுக்க 1984-இல் அமெரிக்க நடுவண் அரசு இயற்றிய சட்டம், வண்டியின் அடையாள எண்ணைத் தெரிந்தே நீக்குவதையும் மாற்றுவதையும் குற்றமாக்கியது. பழுதுபார்ப்பதற்கு இன்றியமையாத இடத்தில் மட்டும் விலக்கு உண்டு. மாநிலங்களுக்கும் தனித்தனிச் சட்டங்கள் உள்ளன. துருப்பிடித்த உடலைச் சீர்செய்வோர் வண்ணம் பூசுவதற்காகத் தகட்டைக் கழற்றி, வேறு ரிவெட் ஆணியால் திரும்பப் பொருத்துவது சாதாரணமாக நடக்கும் வேலை. திருடனும் அதையேதான் செய்வான். ஆணியைப் பார்த்து இருவரையும் பிரித்தறிய இயலாது.

கன்சாஸ் மாநிலத்தில் இது மெய்யாகவே ஒருவர் தலையில் விழுந்தது. மசில் கார் வகையைச் சேராவிட்டாலும் அதே சந்தையில் விலைபோகும் 1959-ஆம் ஆண்டு கார்வெட் ஒன்றை அவர் வாங்கினார். பதிவுசெய்யக் கொண்டுபோனபோது, முன்பு நடந்த புதுப்பித்தலில் எண் தகட்டைக் கழற்றி மீண்டும் பொருத்தியது தெரியவந்தது. அவர் ஏதும் அறியாமல் வாங்கியவர் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும் 2017-இல் மாநிலக் காவல்துறை காரைக் கைப்பற்றியது. அன்றைய மாநிலச் சட்டத்தின்படி அதனை அழித்துவிடவும் இடமிருந்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2022-இல் மாநிலச் சட்டமன்றம், பழங்காரைப் புதுப்பிப்பதற்காகத் தகட்டைக் கழற்றி மாட்டுவது குற்றமாகாது என்று சட்டத்தைத் திருத்தியது. 2023-இல் கார் உரியவரிடம் திரும்பி வந்தது.