பால் ஐயம்

1911ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் உள்ள வொல்லட்டன் மாளிகையில் பழைய ஆவணங்களைக் கணக்கெடுத்தார்கள். அங்கே ஒரு பெட்டி. அதன்மேல், ‘பழைய தாள்கள் – மதிப்பில்லாதவை’ என்று யாரோ எழுதி வைத்திருந்தார்கள். உள்ளே எட்டாம் ஹென்றி மன்னரின் கடிதத்தோடு, பழைய பிரெஞ்சு மொழியில் எழுதிய ஒரு தோல்சுவடியும் இருந்தது. அதில் இருந்த கதைகளுள் ஒன்று, பெண்ணாகப் பிறந்து ஆணாக வளர்ந்த ஒருவரைப் பற்றியது. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 6,706 அடிகள் கொண்டது. உலகில் இதற்கு வேறு பிரதி இல்லை. கதைத் தலைவரின் பெயரே கதைக்கும் பெயர்: ‘சிலான்ஸ்’. மௌனம் என்று பொருள்.

எழுதியவர் தன்னைக் கார்ன்வாலைச் சேர்ந்த ஹெல்ட்ரிஸ் என்று சொல்லிக்கொள்கிறார். நல்ல கதையின் அருமை தெரியாதவர்கள் கையில் கொடுப்பதைவிட இதைக் கொளுத்திவிடுவது மேல் என்று தொடக்கத்திலேயே எச்சரிக்கிறார். கொளுத்தவில்லை, பெட்டியில் போட்டுவிட்டார்கள். 1972இல் லூயிஸ் தார்ப் பதிப்பித்த பிறகுதான் முழுக்கதையும் புத்தகமாகக் கிடைத்தது. 1991இலும் 1992இலும் இரண்டு பெண்கள், ரெஜினா சாக்கியும் சாரா ரோஷ்-மாதியும், தனித்தனியே ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள். ஆக, எழுநூறு ஆண்டுப் பழமை கொண்ட இந்தக் கதையைப் பற்றி இன்று பேசப்படும் கருத்துகள் எல்லாம் கடந்த அரை நூற்றாண்டில் பிறந்தவை. கதையைவிட அதன் வாசகர்கள் இளையவர்கள். அவர்களுக்குள் நடக்கும் சண்டையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கதை. இங்கிலாந்து மன்னன் எபானின் நாட்டில் இரண்டு பிரபுக்கள் இரட்டைச் சகோதரிகளை மணக்கிறார்கள். என் மனைவிதான் மூத்தவள், சொத்து எனக்கே என்று இருவரும் சொல்ல, வழக்கு வாள்சண்டையாகிறது. இருவருமே சாகிறார்கள். சினந்த மன்னன் ஒரு சட்டம் போடுகிறான்: நான் உயிரோடு இருக்கும்வரை இந்நாட்டில் எந்தப் பெண்ணும் சொத்துக்கு வாரிசாக முடியாது. சண்டை போட்டது ஆண்கள். உரிமை போனது பெண்களுக்கு.

கார்ன்வால் பிரபுவின் வீட்டில் ஒரே மகள் பிறக்கிறாள். சட்டப்படி அவளுக்கு நிலம் இல்லை. பெற்றோர் மகன் பிறந்ததாக ஊருக்கு அறிவித்து, குழந்தையைக் காட்டு வீட்டில் மறைத்து வளர்க்கிறார்கள். பெயர் சிலென்சியுஸ். உண்மை வெளிப்பட்டால் ஈற்றை மட்டும் மாற்றிச் சிலென்சியா ஆக்கிவிடலாம் என்பது தகப்பனின் கணக்கு. நம் மொழியில் ‘ன்’ போய் ‘ள்’ வருவதுபோல.

சிலான்ஸுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது இயற்கை ஒரு பெண்ணாக வந்து, உன் அழகை வெயிலில் வீணாக்காதே, போய்த் தையல் கற்றுக்கொள் என்கிறது. வளர்ப்பு மறுபுறம் நின்று வாதாடுகிறது. அறிவு வளர்ப்பின் பக்கம் சேர்கிறது. சிலான்ஸ் தானே யோசித்து, ஆணின் வாழ்வு மேலே இருக்கிறது, நான் ஏன் இறங்கி வரவேண்டும் என்று முடிவெடுக்கிறார். பிறகு பாணர்கள் இருவரோடு ஓடிப்போய் யாழும் பாட்டும் கற்கிறார், அவர்களையே மிஞ்சுகிறார். எபானின் அரண்மனைக்கு வந்த இந்த இளைஞன்மேல் அரசி ஆசைப்படுகிறாள். மறுத்ததும் பழி சுமத்துகிறாள். பெண்ணை விரும்பாதவன் என்று ஏசுகிறாள். பிரான்சுக்குக் கொண்டுபோகும் கடிதத்தை மாற்றி, கொண்டுவருபவனைக் கொன்றுவிடுமாறு எழுதி அனுப்புகிறாள். சிலான்ஸ் தப்பி, பிரான்சில் வீரராகப் பட்டம் பெற்றுத் திரும்பி, எபானுக்காகப் போரும் வெல்கிறார்.

கடைசியாக அரசியின் தூண்டுதலில் மெர்லின் என்னும் காட்டு மந்திரவாதியைப் பிடித்துவர அனுப்பப்படுகிறார். மெர்லினைப் பெண்ணின் தந்திரம் அன்றி எதனாலும் பிடிக்க முடியாது. சிலான்ஸ் பிடித்துவந்துவிடுகிறார். அரசவையில் மெர்லின் சிரித்துச் சிரித்து இரண்டு உண்மைகளை உடைக்கிறான்: இந்த வீரன் ஒரு பெண், அரசியோடு இருக்கும் கன்னித்துறவி ஓர் ஆண், அவளுடைய காதலன். மன்னன் இருவரின் ஆடையையும் களையச் சொல்கிறான். அரசிக்கும் காதலனுக்கும் மரணம். பெண்களின் வாரிசுரிமை திரும்புகிறது. இயற்கை மூன்று நாள் சிலான்ஸின் உடலை மெருகேற்றி ஆண்மையின் சுவடுகளை அழிக்கிறது. மன்னன் சிலென்சியாவை மணக்கிறான். சம்மதமா என்று யாரும் கேட்டதாகக் கதையில் இல்லை.

இந்த முடிவில்தான் வாசகர்கள் பிரிந்தார்கள். 1985இல் கேத்லீன் பிரானி போன்றோர், பெண்களை மதிப்போடு சித்திரித்த அபூர்வமான இடைக்காலப் பிரதி என்று இதை வரவேற்றார்கள். வாய்ப்புக் கிடைத்தால் பெண்ணால் போர்க்களத்திலும் வெல்ல முடியும் என்று சொல்லும் கதை என்பது அவர்களது மகிழ்ச்சி. 1990இல் சைமன் கோன்ட் மாற்றி எழுதினார்: கதை கேள்விகளை எழுப்புவது உண்மைதான், ஆனால் அவற்றை அடக்கி, பெண்ணைத் திரும்பப் பெண்ணின் இடத்தில் உட்காரவைப்பதற்கே ஆசிரியர் பாடுபடுகிறார், பெண்வெறுப்பு இதன் அடியில் ஓடுகிறது. அதே ஆண்டுதான் ஜூடித் பட்லரின் பாலினம் பற்றிய நூலும் வந்தது. அதைப் படித்த தலைமுறை, இயற்கையும் வளர்ப்பும் வாதிடும் அந்தக் காட்சிக்காகவே சிலான்ஸைத் தேடி வந்தது. 1997இலும் 2002இலும் ‘ஆர்தூரியானா’ ஆய்விதழ் இக்கதைக்காகவே சிறப்பிதழ்கள் கொண்டுவந்தது. ஹெல்ட்ரிஸே ஒரு பெண்ணாக இருக்கலாமோ என்றுகூடச் சிலர் கேட்டார்கள்.

அடுத்து வந்த வாசகர்கள் இந்த இரு தரப்பையுமே கேள்வி கேட்டார்கள். பெண்ணின் வெற்றி, பெண்ணின் தோல்வி என்று பேசும் நீங்கள், சிலான்ஸ் பெண்தான் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? 2021இல் மாஷா ரஸ்கோல்னிகோவ், ஆண்-பெண் இருமைக்குள் அடங்காதவர்களின் முன்வரலாற்றில் வைத்து இக்கதையைப் படித்தார். அதற்கு முந்தைய ஆண்டில் திருநம்பி எழுத்தாளரான அலெக்ஸ் மையர்ஸ் இக்கதையை ஒரு நாவலாகவே திரும்ப எழுதியிருந்தார். சிலான்ஸ் தன் வாயால் ஆணின் வாழ்வைத் தேர்ந்தெடுத்த காட்சி இருக்கும்போது, மெர்லின் சொன்னதை மட்டும் உண்மை என்று ஏற்பது யாருடைய பக்கம் நிற்பது என்பது நியாயமான கேள்வி.

தமிழில் இந்தக் கதையைச் சொல்ல உட்கார்ந்தபோது, இந்தச் சண்டையில் ஒதுங்கி நிற்க என் மொழி என்னை விடாது என்று தெரிந்தது. பழைய பிரெஞ்சில் வினைமுற்று பாலைக் காட்டாது. எழுவாயையும் பல இடங்களில் விட்டுவிடலாம். ஹெல்ட்ரிஸ் பெரும்பாலும் ஆண்பாலில் சொல்லி, நடுநடுவே இந்தப் பையன் பெண்ணல்லவா என்று கண்சிமிட்டுகிறார். எனக்கோ ஒவ்வொரு முற்றிலும் தீர்ப்பு எழுதியாக வேண்டும். வந்தானா, வந்தாளா? எச்சங்கள் மட்டும் கொஞ்சம் இடம் தருகின்றன. குதிரை ஏறி, காடு கடந்து, யாழ் மீட்டி, பகைவரை வென்று என்று நீட்டிக்கொண்டே போகும்வரை சிலான்ஸ் எவராகவும் இருக்கலாம். வாக்கியத்தை முடிக்கும்போதுதான் மாட்டிக்கொள்கிறோம்.

தொல்காப்பியத்தின் கிளவியாக்கத்தில் இதற்கு ஒரு விதி உண்டு. எதிரே வருவது மனிதர் என்று தெரிகிறது, ஆணா பெண்ணா என்பது தெரியவில்லை என்றால், அந்தப் பால் ஐயத்தைப் பன்மையில் சொல் என்கிறது அது. நான் சிலான்ஸை ‘அவர்’ என்று சொல்லிவருவது மரியாதைக்காக மட்டும் அல்ல. அதே நூலின் இன்னோரிடம், பெண்மை நோக்கி ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் பெயர்களுக்குத் தமக்கென்று தனி ஈறு இல்லை, உயர்திணையின் மற்றப் பால்களின் ஈற்றையே வாங்கி நிற்கும் என்கிறது. இரவல் ஈறு. சிலென்சியுஸின் தகப்பன் மகளுக்குக் கொடுத்ததும் அதுதான்.

ஆனால் நம் இலக்கணத்துக்கும் ஒரு நம்பிக்கை உண்டு: அருகே போனால் ஐயம் தீர்ந்துவிடும். எபானும் அதைத்தான் நம்பினான். ஆடையைக் களையச் சொன்னான்.

முதுகலை வகுப்பில் ஒருமுறை இந்தக் கதையைச் சொன்னேன். இந்த வாசகர்களின் தரப்புகளெல்லாம் வகுப்பிலும் எழுந்தன. சட்டம் மாறிவிட்டதே, அது வெற்றிதானே என்றார் ஒருவர். யாழும் வாளும் போய்க் கடைசியில் கல்யாணமா என்றார் இன்னொருவர். சிலான்ஸ் ஆணாகவே இருந்திருக்கலாமே என்ற குரலும் வந்தது. பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி மட்டும், “நிலம் கடைசியில யார் பேர்ல மேம்?” என்று கேட்டாள்.

அவள் வீட்டில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. 1989இல் தமிழ்நாட்டில் பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று சட்டம் வந்தபோது, அதற்குமுன் திருமணமானவர்களை அது சேர்த்துக்கொள்ளவில்லை. 2005இல் மத்திய சட்டம் வரும்வரை அவர்கள் காத்திருந்தார்கள். அப்படிக் காத்திருந்த அம்மாக்களும் அத்தைகளும் இல்லாத வீடு குறைவு. ‘யார் பேர்ல’ என்பது இங்கே எளிய கேள்வி அல்ல.

அவள் கேள்வியோடு நான் கதைக்குத் திரும்பிப் போனேன். கதையின் ஆள்மாறாட்டம் ஒரு குழந்தையின் உடலில் தொடங்கவில்லை, நிலத்தில் தொடங்குகிறது. அதற்கும் முன்னே, இரட்டையரில் மூத்தவள் எவள் என்ற குழப்பத்தில் தொடங்குகிறது. அந்தக் குழப்பத்தையும் பெண்கள் உண்டாக்கவில்லை. மனைவி மூலம் நிலம் கேட்ட கணவர்கள் உண்டாக்கினார்கள். சிலான்ஸின் பெற்றோர் ஊரை ஏமாற்றியது ஒரு சட்டத்துக்குப் பதிலாக. அந்தச் சட்டம் இல்லையென்றால் ஆள்மாறாட்டமே இல்லை.

முடிவில் எபான் உரிமையைத் திருப்பிக் கொடுக்கிறான். சிலான்ஸ் கார்ன்வாலின் வாரிசு. அதே மூச்சில் அவரைத் தானே மணக்கிறான். அக்கால ஆங்கில வழக்கில் மனைவியின் நிலத்தைத் திருமணம் நீடிக்கும்வரை ஆள்பவன் கணவன். மன்னனிடம் நிலம் பெற்றவரின் வாரிசு பெண்ணாக இருந்தால், அவள் யாரை மணப்பது என்பதில் மன்னனுக்கு உரிமை இருந்தது. ஆகவே கார்ன்வால் எபானின் கைக்குப் போகிறது. தடைச்சட்டம் செய்ததைத் திருமணம் இன்னும் சுத்தமாகச் செய்து முடிக்கிறது. மாணவியின் கேள்விக்குப் பதில்: பெயர் சிலென்சியாவுடையது, நிலம் மன்னனுடையது.

இது வெறும் கற்பனை என்று தள்ளவும் முடியாது. கதை எழுதப்பட்ட நூற்றாண்டில் பிளாண்டர்ஸ் நாட்டை ஜான், மார்கரெட் என்ற இரண்டு சகோதரிகள் அடுத்தடுத்து வாரிசுரிமையால் ஆண்டார்கள். இங்கிலாந்தில் மகன் இல்லாத வீட்டில் மகள்களுக்கு நிலம் வந்தது. பெண் வாரிசு என்பது அப்போது கண்ணெதிரே இருந்த உண்மை. அது கலைக்கப்படக்கூடியது என்பதும் உண்மை. பிரான்சில் 1316இல் மன்னர் பத்தாம் லூயி இறந்தபின், அவர் மகளை ஒதுக்கிவிட்டுச் சித்தப்பா அரியணையை எடுத்துக்கொண்டார். பெண் பிரான்சின் முடிக்கு வாரிசாக முடியாது என்று 1317இல் ஓர் அவை கூடி உறுதிசெய்தது. எபானின் சட்டம் கதையிலிருந்து அரண்மனைக்கு நடந்து போனதுபோல் இருக்கிறது.

சிலான்ஸ் உண்மையில் ஆணா பெண்ணா என்ற கேள்வியை நான் சிறியது என்று சொல்லவில்லை. திருநர் வாசிப்பு வந்த பிறகுதான் அந்த ஆடை களையும் காட்சியின் வன்முறை எனக்கு உறைத்தது. அதுவரை அதை ஒரு திருப்பம் என்றே படித்திருந்தேன். அதே காட்சியில் பெண் உடையில் இருந்த ஆண் கொல்லப்படுகிறான், ஆண் உடையில் இருந்தவர் மணக்கப்படுகிறார் என்பதையும் அந்த வாசிப்புதான் சேர்த்துப் பார்க்க வைத்தது. ஆசைப்பட்ட அரசி சாகிறாள். அவள் காலி செய்த இடத்தில்தான் சிலென்சியா உட்காரவைக்கப்படுகிறார்.

ஆனால் ‘நீ யார்’ என்று அவையில் முதலில் கேட்டவன் மன்னன் என்பதை நாம் மறக்கக் கூடாது. வாசகர்களாகிய நாமும் அதே கேள்வியோடு அதே உடலைச் சுற்றி நிற்கும்போது, அவனுடைய சட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. ஐயம் தீராவிட்டால் பன்மையில் நிறுத்திவிட்டு அடுத்ததைக் கேட்கலாம். அதற்கு நம் இலக்கணமே இடம் தருகிறது. அடுத்த கேள்வி, பின்வரிசையிலிருந்து வந்த அந்தக் கேள்விதான். இப்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்லும்போது நான் சட்டத்திலிருந்து தொடங்கி நிலத்தில் முடிக்கிறேன். நடுவில் சிலான்ஸ் வருகிறார், யாழ் மீட்டுகிறார், வெல்கிறார்.